ஜோசப் பெட்ரோசினோ

ஜோசப் பெட்ரோசினோ (இயற்பெயர்: ஜுசெப்பே பெட்ரோசினோ, ஆகஸ்ட் 30, 1860 – மார்ச் 12, 1909) ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரக் காவல்துறையில் பணியாற்றிய புகழ்பெற்ற துப்பறிவாளர் ஆவார். இத்தாலியில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறிய இவர், வெடிகுண்டு வைத்தும் மிரட்டல் கடிதம் அனுப்பியும் பணம் பறித்து வந்த "கறுப்புக் கை" கும்பல்களுக்கு எதிராக 1905 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இத்தாலியப் பிரிவின் முதல் தலைவராக இருந்தார். குற்றம் நடந்த பின்னர் குற்றவாளியைத் தேடுவதோடு நில்லாமல், நடக்கும் முன்னரே உளவறிந்து தடுப்பதைக் காவல்துறையின் கடமையாகக் கொண்ட முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகின்றார். குற்றவாளிகளின் பழைய பதிவுகளைத் திரட்டுவதற்காக இத்தாலிக்கு மேற்கொண்ட இரகசியப் பயணத்தின்போது சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். பணியின்போது வெளிநாட்டில் கொல்லப்பட்ட ஒரே நியூயார்க் நகரக் காவல் அதிகாரி இவரே.

பிறப்பும் குடியேற்றமும்

பெட்ரோசினோ தென் இத்தாலியின் கம்பானியாப் பகுதியில், சலேர்னோ மாகாணத்தைச் சேர்ந்த படுலா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை புரோசுப்பெரோ பெட்ரோசினோ ஒரு தையற்காரர். இவரது குடும்பம் 1870களின் முற்பகுதியில் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. தென் இத்தாலியிலிருந்து பெருந்தொகையான மக்கள் அமெரிக்காவுக்குக் குடியேறத் தொடங்கும் முன்னரே அங்கு சென்றடைந்தவர்களுள் இக்குடும்பமும் ஒன்று.

சிறுவனாக இருந்தபோது மல்பெரி தெருவில் இருந்த காவல்துறைத் தலைமையகத்தின் முன்னால் காலணிகளுக்கு மெருகிடும் வேலையைச் செய்தார். பின்னர் நகரின் தெருத் துப்புரவுப் பணியில் சேர்ந்து மேற்பார்வையாளராக உயர்ந்தார். அக்காலத்தில் தெருத் துப்புரவு காவல்துறையின் பொறுப்பில் இருந்தது. நகரின் குப்பைகளைக் கடலுக்குக் கொண்டு செல்லும் படகுகளையும் இவர் கவனித்து வந்தார். இவரது உழைப்பும், இத்தாலிய மொழியின் பல வட்டார வழக்குகளைப் பேசும் திறனும் அலெக்சாண்டர் வில்லியம்சு என்னும் காவல் அதிகாரியின் கவனத்தை ஈர்த்தன.

காவல்துறையில் சேர்தல்

அக்டோபர் 19, 1883 அன்று பெட்ரோசினோ நியூயார்க் காவல்துறையில் சேர்ந்தார். இவரது உயரம் ஏறத்தாழ 160 சென்டிமீட்டர் மட்டுமே. இது காவலர்களுக்கு வரையறுக்கப்பட்டிருந்த உயரத்தைவிடக் குறைவு என்பதால், விதி தளர்த்தப்பட்டே இவர் சேர்த்துக் கொள்ளப்பட்டார். அப்போதைய காவல்துறையில் அயர்லாந்து வம்சாவளியினரே பெரும்பான்மையினராக இருந்தனர். இத்தாலியர் என்ற காரணத்தால் சக காவலர்களின் ஏளனத்துக்கு ஆளான இவர், காவல்துறையோடு ஒத்துழைப்பவரைத் துரோகியாகக் கருதிய தம் இன மக்களில் ஒரு சாராரின் வெறுப்பையும் எதிர்கொண்டார்.

1895 ஆம் ஆண்டில், பிற்காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் குடியரசுத் தலைவரான தியொடோர் ரோசவெல்ட் நியூயார்க் காவல்துறை ஆணையக் குழுவின் தலைவராகப் பொறுப்பேற்றார். அரசியல் செல்வாக்கைப் பாராது திறமையின் அடிப்படையில் பதவி உயர்வு வழங்க முயன்ற ரோசவெல்ட், அவ்வாண்டு சூலையில் பெட்ரோசினோவைத் துப்பறிவாளர் பதவிக்கு உயர்த்தினார். இருவருக்கும் இடையிலான நட்பு இறுதிவரை நீடித்தது.

1897 இல் ஆஞ்செலோ கார்போனே என்னும் இத்தாலியக் குடியேறி கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிங் சிங் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். அவர் குற்றமற்றவர் என நம்பிய பெட்ரோசினோ, உண்மையான கொலையாளியைத் தேடிப் பல நகரங்களுக்குச் சென்று, இறுதியில் பால்ட்டிமோர் அருகே அவரைக் கைது செய்தார். கார்போனே தண்டனையிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆங்கிலம் அறியாத ஏழைகள் வாய்திறந்து தம் பக்க நியாயத்தைச் சொல்ல இயலாத நிலையில் இருந்ததை இவ்வழக்கு வெளிப்படுத்தியதோடு, இத்தாலியக் குடியிருப்புகளில் பெட்ரோசினோவுக்கு நம்பிக்கையையும் தேடித் தந்தது.

அரசின்மைவாதிகள் பற்றிய உளவு

சூலை 29, 1900 அன்று இத்தாலிய மன்னர் முதலாம் உம்பெர்த்தோ மோன்சா நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைக் கொன்ற கயத்தானோ பிரெஷி, நியூ செர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரில் வாழ்ந்து வந்த அரசின்மைக் கொள்கையினர். பட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற பேட்டர்சனில் அக்கொள்கையைப் பின்பற்றிய இத்தாலியத் தொழிலாளர் பலர் இருந்தனர். இக்கொலையைத் தொடர்ந்து பெட்ரோசினோ தொழிலாளியாக வேடமிட்டு அவர்களிடையே தங்கி உளவறிந்தார் என்றும், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்லியம் மெக்கின்லியின் உயிருக்கும் ஆபத்து உள்ளதாக எச்சரித்தார் என்றும் அவரது வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். பொதுமக்களோடு தடையின்றிக் கைகுலுக்கிப் பழகும் வழக்கமுடைய மெக்கின்லி பாதுகாப்புக் கட்டுப்பாடுகளை விரும்பவில்லை.

செப்டம்பர் 6, 1901 அன்று பஃபலோ நகரில் நடைபெற்ற கண்காட்சியில், கைகுலுக்க வரிசையில் நின்ற லியோன் சோல்கோஷ் என்பவர் கைக்குட்டையால் மறைத்திருந்த துப்பாக்கியால் மெக்கின்லியைச் சுட்டார். எட்டு நாட்களின் பின்னர் மெக்கின்லி உயிரிழந்தார். சோல்கோஷ் போலந்து வம்சாவளியினர். பேட்டர்சன் குழுவினருக்கும் அவருக்கும் தொடர்பிருந்ததாக நிறுவப்படவில்லை. ஆயினும் குடியரசுத் தலைவரின் பாதுகாப்பை இரகசியச் சேவை முழுநேரப் பணியாக ஏற்பதற்கு இக்கொலையே காரணமாயிற்று. அரசின்மைக் கொள்கையினர் நாட்டுக்குள் நுழைவதைத் தடுக்கும் குடிவரவுச் சட்டமும் 1903 இல் நிறைவேற்றப்பட்டது.

பீப்பாய்க் கொலை வழக்கு

ஏப்ரல் 14, 1903 அன்று நியூயார்க்கின் கிழக்கு 11 ஆம் தெருவில் கிடந்த மரப்பீப்பாய் ஒன்றினுள் கொலையுண்ட ஆண் ஒருவரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. இறந்தவர் யார் என்பது தெரியவில்லை. கள்ளப்பணம் அச்சிடும் சிசிலியக் கும்பல் ஒன்றை ஏற்கெனவே கண்காணித்து வந்த இரகசியச் சேவையினர், அந்நபரை முந்தைய நாள் அக்கும்பலோடு பார்த்திருந்தனர். பெட்ரோசினோ சிறையிலிருந்த கும்பல் உறுப்பினர் ஒருவரைச் சந்தித்து, இறந்தவர் அவரது மைத்துனரான பஃபலோ நகரைச் சேர்ந்த பெனெதெத்தோ மதோனியா என்பதைக் கண்டறிந்தார்.

கும்பல் தலைவர் ஜுசெப்பே மொரெல்லோ உட்படப் பலர் கைது செய்யப்பட்டனர். ஆனால் சாட்சிகள் அச்சத்தால் ஒருவர் பின் ஒருவராகப் பின்வாங்கியதால் எவரும் தண்டிக்கப்படவில்லை. இதே காலத்தில் நியூயார்க்கில் இருந்த விட்டோ காசியோ ஃபெர்ரோ என்பவரும் தேடப்பட்டார். அவர் நியூ ஓர்லியன்சுக்குத் தப்பிச் சென்று, 1904 இல் சிசிலிக்குத் திரும்பினார். பிற்காலத்தில் பெட்ரோசினோ கொலை வழக்கில் முதன்மையாகப் பேசப்பட்டவர் இவரே.

கறுப்புக் கை

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கின் இத்தாலியர் தொகை வேகமாகப் பெருகியது. மளிகைக் கடைக்காரர், ரொட்டிக் கடைக்காரர், ஒப்பந்தக்காரர், சிறு வங்கி நடத்துவோர் எனச் சற்றுப் பொருள் சேர்த்தவர்களுக்கு மண்டையோடு, குத்துவாள், சவப்பெட்டி ஆகிய படங்கள் வரையப்பட்ட கடிதங்கள் வரத் தொடங்கின. கேட்ட தொகையைக் கொடுக்காவிடில் கடை குண்டு வைத்துத் தகர்க்கப்படும், அல்லது குழந்தை கடத்தப்படும் என்பதே கடிதங்களின் சாரம். 1903 இல் புரூக்ளினைச் சேர்ந்த ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு வந்த கடிதங்களில் காணப்பட்ட கறுப்புக் கை என்னும் பெயரைச் செய்தித்தாள்கள் பரப்பின.

கறுப்புக் கை என்பது ஒரே தலைமையின் கீழ் இயங்கிய அமைப்பு எனப் பொதுமக்கள் நம்பினர். பெட்ரோசினோ இக்கருத்தை ஏற்கவில்லை. ஒன்றோடொன்று தொடர்பற்ற பல சிறு கும்பல்கள் ஒரே பெயரையும் ஒரே முறையையும் பயன்படுத்துகின்றன என்பதே அவரது முடிவாக இருந்தது. செய்தித்தாள்கள் அப்பெயரைப் பெரிதாக்குந்தோறும் மக்களின் அச்சம் மிகுந்தது. அச்சம் மிகுந்ததால் பணம் பறிப்பது எளிதாயிற்று.

குண்டுகளுக்குத் தேவையான டைனமைட்டைப் பெறுவது அப்போது கடினமாக இருக்கவில்லை. சுரங்க இரயில் பாதைகள், நீர்த்தேக்கங்கள், கட்டட அடித்தளங்கள் எனப் பாறை உடைக்கும் பணிகள் எங்கும் நடைபெற்றன. அப்பணியிடங்களில் வேலை செய்தோர் மூலம் வெடிமருந்து திருடப்பட்டுக் கும்பல்களின் கைக்குச் சென்றது. கடை வாசல்களிலும் குடியிருப்புக் கட்டடங்களின் நடைகளிலும் குண்டுகள் வைக்கப்பட்டதால், மிரட்டப்பட்டவரோடு அக்கட்டடத்தில் வாழ்ந்த பிற குடும்பங்களும் பாதிக்கப்பட்டன.

இத்தாலியப் பிரிவு

இத்தாலிய மொழி அறிந்த துப்பறிவாளர்களைக் கொண்ட தனிப்பிரிவு ஒன்று தேவை எனப் பெட்ரோசினோ தொடர்ந்து வலியுறுத்தினார். அக்காலத்தில் நியூயார்க்கில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் இத்தாலியர் வாழ்ந்தும், அவர்களது மொழியைப் பேசக்கூடிய காவலர்கள் மிகச் சிலரே இருந்தனர். நீண்ட தயக்கத்தின் பின்னர் காவல்துறை ஆணையர் வில்லியம் மெக்கடூ 1905 சனவரியில் இதற்கு இசைந்தார். பெட்ரோசினோவின் கீழ் ஐந்து பேர் மட்டுமே நியமிக்கப்பட்டனர். தொடக்கத்தில் அலுவலகம் இல்லாததால் அவரது வீட்டிலிருந்தே பணிகள் நடைபெற்றன.

1906 இல் ஆணையராகப் பொறுப்பேற்ற தியொடோர் பிங்கம் காலத்தில் பிரிவு விரிவாக்கப்பட்டது. புரூக்ளினில் அந்தோனியோ வாக்ரிசு தலைமையில் கிளை ஒன்றும் அமைக்கப்பட்டது. பெட்ரோசினோ லெப்டினன்ட் பதவிக்கு உயர்த்தப்பட்டார். இவரது தலைமையில் பிரிவு ஆயிரக்கணக்கானோரைக் கைது செய்தது. 500 பேருக்கு மேல் சிறைக்கு அனுப்பப்பட்டனர் எனக் கூறப்படுகின்றது.

பணி முறைகள்

இத்தாலியப் பிரிவு கையாண்ட முறைகளுட் பல, பிற்காலத்தில் பயங்கரவாதத் தடுப்புக் காவற்பணியின் அடிப்படைக் கூறுகளாயின. அவற்றுள் முக்கியமானவை:

மொழியும் அறிமுகமும்: பிரிவினர் மக்கள் பேசும் வட்டார வழக்கிலேயே உரையாடினர். மிரட்டப்பட்டவர்கள் காவல் நிலையத்துக்கு வர அஞ்சியதால், அவர்களைப் பிறர் அறியாதவாறு சந்தித்து விவரங்களைப் பெற்றனர்.

மாறுவேடம்: பெட்ரோசினோ கட்டடத் தொழிலாளி, பிச்சைக்காரர், சுகாதார ஆய்வாளர் முதலிய பல வேடங்களில் சென்று உளவறிந்தார். அவருக்கெனப் பல்வகை உடைகள் வைத்திருந்தார்.

பணம் பெறும் தருணத்தில் பிடித்தல்: கேட்ட தொகையைக் கொடுப்பதாக மிரட்டப்பட்டவரை ஒப்புக்கொள்ளச் செய்து, அடையாளமிடப்பட்ட நாணயத்தாள்களைக் கொடுத்தனுப்பி, வாங்க வருபவரைக் கையோடு பிடித்தனர். சாட்சிகள் பின்வாங்கினாலும் வழக்கு நிலைபெற இம்முறை உதவியது.

பதிவுகள்: கடிதங்கள் சேகரிக்கப்பட்டுக் கையெழுத்துகள் ஒப்பிடப்பட்டன. பெட்ரோசினோ தேடப்படுவோரின் முகங்களையும் குற்ற விவரங்களையும் நினைவில் வைத்திருக்கும் ஆற்றலுக்குப் பெயர்பெற்றவர். 1907 ஏப்ரலில், நேப்பில்சு நகரின் கமோரா குற்றக் கும்பலின் தலைவராகக் கருதப்பட்ட என்ரிக்கோ அல்ஃபானோவை அவர் நியூயார்க்கில் கைது செய்தார். அல்ஃபானோ திருப்பி அனுப்பப்பட்டு, பின்னர் வித்தெர்போ நகரில் நடைபெற்ற புகழ்பெற்ற வழக்கில் தண்டனை பெற்றார்.

இவை மட்டும் போதா என்பதே பெட்ரோசினோவின் கருத்தாகும். வெடிமருந்து விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு, இத்தாலியக் காவல்துறையுடன் குற்றப் பதிவுப் பரிமாற்றம், குற்றவாளிகளை நாடு கடத்தல், புதிதாகக் குடியேறியோருக்குக் கல்வியும் சட்ட விழிப்புணர்வும் அளித்தல் ஆகியவற்றை அவர் தீர்வுகளாக முன்வைத்தார்.

தனி வாழ்க்கை

பணியின் ஆபத்தைக் கருதி நெடுங்காலம் மணம் புரியாதிருந்த பெட்ரோசினோ, தமது நாற்பதுகளின் பிற்பகுதியில் அதெலினா சவுலினோவை மணந்தார். அதெலினாவின் தந்தை நியூயார்க்கில் உணவகம் நடத்தி வந்தவர். இவர்களது ஒரே மகள் 1908 நவம்பரில் பிறந்தாள். பெட்ரோசினோ இத்தாலிக்குப் புறப்பட்டபோது குழந்தைக்கு மூன்று மாதம்கூட நிறைவடைந்திருக்கவில்லை. இசை நாடகங்களில் இவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது.

நாடு கடத்தல் சட்டம்

பிப்ரவரி 1907 இல் நிறைவேற்றப்பட்ட குடிவரவுச் சட்டத்தின்படி, தம் தாய்நாட்டில் கடுங்குற்றத்துக்காகத் தண்டனை பெற்று, அதனை மறைத்து அமெரிக்காவுக்கு வந்த ஒருவரை, அவர் வந்து சேர்ந்த மூன்று ஆண்டுகளுக்குள் நாடு கடத்த இயலும். இதற்கு அந்நாட்டு நீதிமன்றப் பதிவின் சான்றிதழ் தேவைப்பட்டது. மிரட்டல் வழக்குகளில் சாட்சிகள் கிடைப்பது அரிது என்பதால், சாட்சிகளையே நம்பியிராத இவ்வழி காவல்துறைக்குப் பெரிதும் உகந்ததாக இருந்தது. ஆனால் சான்றிதழ்களோ இத்தாலியின் நீதிமன்றங்களில் சிதறிக் கிடந்தன. மூன்றாண்டுக் கெடுவும் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் குறைந்து கொண்டிருந்தது.

1908 இல் சிசிலிய அரசியல்வாதி ரஃபயேலே பலிசோலோ நியூயார்க்குக்கு வந்தார். இவர் பலெர்மோவின் முன்னாள் நகரத் தலைவர் எமனுவேலே நோத்தர்பார்த்தோலோ கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு, மறு விசாரணையில் விடுதலையானவர். பெட்ரோசினோ அவரைத் தொடர்ந்து கண்காணித்தார். பலிசோலோ திட்டமிட்டதற்கு முன்னரே நாடு திரும்பினார். சிசிலியில் இருந்த செல்வாக்கு மிக்கோர் சிலர் பெட்ரோசினோவைப் பகைக்க இதுவும் காரணமாயிற்று எனக் கருதப்படுகின்றது.

இத்தாலிப் பயணம்

ஆணையர் பிங்கம் இரகசியப் பிரிவு ஒன்றை அமைக்க நகர மன்றத்திடம் நிதி கோரினார். மன்றம் மறுத்ததால், தனியாரிடமிருந்து நிதி திரட்டி 1909 தொடக்கத்தில் அப்பிரிவை உருவாக்கிப் பெட்ரோசினோவை அதன் தலைவராக்கினார். இத்தாலியில் குற்றச் சான்றிதழ்களைத் திரட்டுவதும், தொடர்ந்து தகவல் அனுப்பக்கூடிய உளவாளர்களை அங்கு ஏற்படுத்துவதும் அவருக்கு அளிக்கப்பட்ட பணிகளாகும்.

பெட்ரோசினோ பிப்ரவரி 9, 1909 அன்று வேறொரு பெயரில் கப்பலேறினார். அவர் கடலில் இருந்தபோதே, புதிய இரகசியப் பிரிவைப் பற்றியும் அதன் தலைவர் இத்தாலிக்குச் செல்வதைப் பற்றியும் பிங்கம் செய்தியாளரிடம் பேசினார். பிப்ரவரி 20 ஆம் நாள் அச்செய்தி நியூயார்க் எரால்டு இதழில் வெளியாயிற்று. அவ்விதழுக்கு ஐரோப்பியப் பதிப்பும் இருந்தது. மறுநாள் பெட்ரோசினோ செனோவாத் துறைமுகத்தில் இறங்கினார். இரகசியம் அவருக்கு முன்னரே இத்தாலியை அடைந்திருந்தது.

உரோமை நகரில் இத்தாலியக் காவல்துறைத் தலைவரையும் அமெரிக்கத் தூதரையும் சந்தித்த பின்னர், பிறந்த ஊரான படுலாவுக்குச் சென்று சகோதரரைக் கண்டார். பின்னர் பிப்ரவரி இறுதியில் பலெர்மோவை அடைந்து, மரீனா சதுக்கத்தில் உள்ள விடுதி ஒன்றில் மாற்றுப் பெயரில் தங்கினார். நீதிமன்றப் பதிவுகளைப் பார்வையிட்டு நூற்றுக்கணக்கான சான்றிதழ்களைச் சேகரிக்கத் தொடங்கினார். பலெர்மோக் காவல்துறைத் தலைவர் பல்தசாரே செயோலா பாதுகாவலரை அளிக்க முன்வந்தபோது பெட்ரோசினோ மறுத்துவிட்டார். உள்ளூர்க் காவலர்களுக்கும் குற்றவாளிகளுக்கும் இடையே தொடர்பு இருக்கக்கூடும் என்னும் ஐயம் அவருக்கு இருந்தது. நியூயார்க்கில் மாறுவேடமும் உடனிருந்த பிரிவினரும் அவருக்குக் காப்பாக இருந்தனர். பலெர்மோவில் இவ்விரண்டும் இல்லை.

கொலை

மார்ச் 12, 1909 அன்று இரவு ஏறத்தாழ 8.45 மணியளவில், மரீனா சதுக்கத்தில் உள்ள கரிபால்டித் தோட்டத்தின் வேலியருகே பெட்ரோசினோ சுட்டுக் கொல்லப்பட்டார். அருகிலிருந்த உணவகத்தில் உணவருந்திவிட்டு, தகவல் தருவதாகக் கூறிய ஒருவரைச் சந்திப்பதற்காக அவர் அங்கு நின்றிருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. அவரது துப்பாக்கி விடுதி அறையில் இருந்தது எனப் பெரும்பாலான நூல்கள் கூறுகின்றன. அப்போது அவருக்கு வயது 48.

அமெரிக்கத் துணைத்தூதர் வில்லியம் பிசப் கொலைச் செய்தியைத் தந்தி மூலம் அறிவித்தார். இத்தாலிய அரசு கொலையாளிகளைப் பற்றித் தகவல் தருவோருக்கு 10,000 லீரா பரிசு அறிவித்தது. அப்பரிசைப் பெற எவரும் முன்வரவில்லை.

பெட்ரோசினோவின் உடல் கப்பல் மூலம் ஏப்ரல் 9 ஆம் நாள் நியூயார்க்கை அடைந்தது. ஏப்ரல் 12 அன்று பழைய புனித பேட்ரிக் பேராலயத்தில் இறுதி வழிபாடு நடைபெற்றது. அன்று நகரில் விடுமுறை அளிக்கப்பட்டது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தெருக்களில் நின்று அஞ்சலி செலுத்தினர். குயின்சு பகுதியில் உள்ள கல்வாரி கல்லறைத் தோட்டத்தில் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

விசாரணை

செயோலாவின் விசாரணையில் விட்டோ காசியோ ஃபெர்ரோ உட்படப் பலர் கைது செய்யப்பட்டனர். பெட்ரோசினோவின் குறிப்பேட்டில் காசியோ ஃபெர்ரோவின் பெயரும் இடம்பெற்றிருந்தது. ஆனால் கொலை நடந்த இரவில் அவர் தம் இல்லத்தில் இருந்ததாக நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் சான்றளித்தார். 1911 சூலையில் பலெர்மோ நீதிமன்றம் போதிய ஆதாரம் இல்லை எனக் கூறி அனைவரையும் விடுவித்தது.

பிற்காலத்தில் காசியோ ஃபெர்ரோ முசோலினி ஆட்சியின்போது வேறொரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் இறந்தார். பெட்ரோசினோவைத் தாமே கொன்றதாக அவர் கூறிக்கொண்டார் என்னும் கதை பரவலாக வழங்கினும், அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 2014 இல் பலெர்மோவில் இத்தாலியக் காவல்துறை ஒட்டுக்கேட்ட உரையாடல் ஒன்றில், மாஃபியாச் சந்தேக நபர் ஒருவர் தம் முன்னோர்களுள் ஒருவரான பாவ்லோ பலசோத்தோ என்பவரே பெட்ரோசினோவைச் சுட்டவர் எனப் பெருமையாகப் பேசியமை பதிவாயிற்று. பாவ்லோ பலசோத்தோ 1909 விசாரணையிலும் சந்தேகிக்கப்பட்டவர். எனினும் இக்கொலையில் எவர்மீதும் நீதிமன்றத்தில் குற்றம் நிறுவப்படவில்லை.

பின்விளைவுகள்

பெட்ரோசினோவின் மறைவுக்குப் பின் வாக்ரிசும் மற்றொரு துப்பறிவாளரும் இத்தாலிக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் பெருந்தொகையான குற்றச் சான்றிதழ்களைக் கொண்டுவந்தனர். ஆனால் இதற்கிடையே 1909 சூலையில் ஆணையர் பிங்கம் வேறொரு விவகாரத்தில் நகரத் தலைவரால் பதவி நீக்கம் செய்யப்பட்டிருந்தார். புதிய தலைமை அச்சான்றிதழ்களில் அக்கறை காட்டவில்லை. அவை பயன்படுத்தப்படாமல் கிடந்தபோது மூன்றாண்டுக் கெடு கடந்து, நாடு கடத்தப்பட்டிருக்கக்கூடிய பலர் தொடர்ந்து நியூயார்க்கிலேயே தங்கினர். பெட்ரோசினோ உயிரைக் கொடுத்துத் தொடங்கிய பணி இவ்வாறு அலுவலக அலமாரியில் முடிந்தது. 1911 இல் இத்தாலியப் பிரிவும் கலைக்கப்பட்டது. மொரெல்லோ கும்பலை மட்டும் இரகசியச் சேவை 1910 இல் கள்ளப்பண வழக்கில் சிறைக்கு அனுப்பியது.

சூலை 1914 இல் நியூயார்க்கின் லெக்சிங்டன் அவென்யூவில் அரசின்மைவாதிகள் தயாரித்த குண்டு அவர்களது அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே வெடித்தது. பெட்ரோசினோ காலத்தில் துணை ஆணையராக இருந்த ஆர்தர் வூட்சு அப்போது ஆணையராகியிருந்தார். அவர் அவ்வாண்டு ஆகஸ்டில் வெடிகுண்டுப் பிரிவை ஏற்படுத்தினார். 1915 இல் இப்பிரிவைச் சேர்ந்த அமெதேயோ பொலிஞானி என்னும் இளம் துப்பறிவாளர், மன்னர் உம்பெர்த்தோவைக் கொன்ற பிரெஷியின் பெயரைத் தாங்கிய குழுவுக்குள் மாற்றுப் பெயரில் சேர்ந்து, புனித பேட்ரிக் பேராலயத்தில் வைக்கப்பட்ட குண்டு வெடிக்கும் முன்னரே அதனைக் கைப்பற்ற உதவினார். நியூயார்க் காவல்துறையின் வெடிகுண்டுப் பிரிவு தன் தோற்றத்தைப் பெட்ரோசினோவின் இத்தாலியப் பிரிவிலிருந்தே கணக்கிடுகின்றது.

விமர்சனங்கள்

இத்தாலியப் பிரிவின் முறைகள் அக்காலத்திலேயே விமர்சிக்கப்பட்டன. பெட்ரோசினோவும் அவரது பிரிவினரும் சந்தேக நபர்களை அடித்துத் துன்புறுத்தியமை மறைக்கப்பட்ட செய்தி அன்று. ஓர் இனத்தின் பெயரைத் தாங்கிய காவற்பிரிவு, அவ்வின மக்கள் அனைவரையும் குற்றவாளிகளாகக் காட்டுவதாக இத்தாலியர் சிலர் குறை கூறினர். மறுபுறம், கறுப்புக் கையால் பாதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலானோர் இத்தாலியர்களே என்பதையும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க அதுவரை எவரும் முன்வரவில்லை என்பதையும் வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். 1915 ஆம் ஆண்டு வழக்கிலும், குண்டு வைக்கத் தூண்டியவரே காவல்துறையின் உளவாளர்தாம் என எதிர்த்தரப்பு வாதிட்டது. உளவறிதலுக்கும் தூண்டுதலுக்கும் இடையிலான எல்லை எது என்னும் வினா இன்றும் பயங்கரவாதத் தடுப்பு வழக்குகளில் எழுப்பப்படுகின்றது.

நினைவுகள்

நியூயார்க்கில், பழைய காவல்துறைத் தலைமையகக் கட்டடத்துக்கு அண்மையில் உள்ள சிறு பூங்கா 1987 இல் பெட்ரோசினோ சதுக்கம் எனப் பெயரிடப்பட்டது. பலெர்மோவில் அவர் கொல்லப்பட்ட இடத்தில் நினைவுப் பலகை வைக்கப்பட்டுள்ளது. படுலாவில் அவர் பிறந்த வீடு அருங்காட்சியகமாக விளங்குகின்றது.

இவரது வாழ்க்கையைத் தழுவி 1960 இல் வெளியான அமெரிக்கத் திரைப்படத்தில் எர்னசுட் போர்க்னைன் பெட்ரோசினோவாக நடித்தார். இத்தாலியத் தொலைக்காட்சியில் 1972 இலும் 2006 இலும் இவரைப் பற்றிய தொடர்கள் ஒளிபரப்பாயின.